மாட்டுக்கு வலது பக்கம் மட்டும்

"திருப்புடா! அந்தக் குட்டைக் கொம்பைத் திருப்பு! வலது பக்கம்டா... வலது பக்கம்!"

தைலமரங்களுக்கு நடுவே இன்ஜினியர் ஒலாசோ ஓடிக்கொண்டே கத்தினார். புது பூட்ஸ். ஓடுவதற்கென்று வாங்கியது அல்ல, போட்டோவுக்கு வாங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கீழே உதிர்ந்து கிடந்த மரப்பட்டை அப்பளம் மாதிரி நொறுங்கியது.

குதிரை மேல் இருந்த நார்தோ சாட்டையைக் காற்றில் சொடுக்கினான். குட்டைக் கொம்புப் பசு அவனை ஒரு தரம் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, மனசு வந்து திரும்பியது. இப்போது முப்பது மாடும் ஒரே வரிசை, ஒரே திசை. தலை கிழக்கே, வால் மேற்கே. எல்லாம் செவலை உடம்பு, வெள்ளை மூஞ்சி. எல்லாம் கொழுத்திருந்தன.

மரத்தோட்டத்தின் ஓரத்தில், முதல் இரண்டு வரிசைக்கு நடுவில், இரண்டு பக்கமும் மின்கம்பி கட்டி ஒரு சந்து செய்திருந்தார்கள். மாடு நிற்கலாம், நடக்கலாம், மேயலாம். சுலபமாகத் திரும்ப முடியாது. அவ்வளவு கச்சிதமான அகலம். திட்டம் இன்ஜினியருடையது. அதற்குத்தானே படித்திருக்கிறார்!

"சார், மூச்சு வாங்குங்க சார். இன்னும் வண்டிங்க வரல."

"தூசி தெரியுதுடா அங்க! கேட்டுக்கோ. இன்னைக்கு ஒருத்தன் கண்ணுலயும் இதுங்களோட இடது பக்கம் படக்கூடாது. பட்டுச்சு, நாளைக்கு நீ வேற வேலை தேடிக்க."

"ஒரு மாடு திரும்பிடுச்சுன்னா சார்?"

"அது முன்னாடி உன் குதிரையை நிறுத்து."

"ரெண்டு மாடு திரும்பிடுச்சுன்னா?"

அதற்குள் இன்ஜினியர் வரிசையின் மறுமுனைக்கு ஓடிவிட்டார். ஏன் இடது பக்கம் தெரியக்கூடாது என்று நார்தோ கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் லாரியிலிருந்து மாடுகளை இறக்கியவன் அவன். அவனுக்குத் தெரியும். தெரிந்ததை மென்று விழுங்குவதற்கும் சேர்த்துத்தான் மரக்கம்பெனி அவனுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது.

இடது பக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் வேறொன்றுமில்லை, முத்திரை. கன்றாக இருக்கும்போதே காய்ச்சிய இரும்பால் தொடையில் போடுகிற சூடு. குதிரையில் நாங்கள் ஏறுகிற பக்கம்தான் மாட்டுக்குச் சூடு போடுகிற பக்கம். யார் வீட்டு மாடு எதிரில் வந்தாலும் எங்கள் கண் நேராக இடது தொடைக்குத்தான் போகும். ஆள் முகம்கூட அப்புறம்தான்.

அப்படிப் பார்த்தே வளர்ந்தவள் ஒருத்திதான் அந்தத் தூசிக்குள் வந்துகொண்டிருந்தாள்.

சுல்மா.

அப்பா விட்டுப்போன நிலம், ஓடைக்கரை வரைக்கும் திறந்த புல்வெளி, சுல்மா பேரில் இருந்தது. அதை இரண்டு தடவை மரம் வளர்ந்து வெட்டுகிற காலம் வரைக்கும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று புருஷன் எபெர் ஒரு வருஷமாகக் காதைத் தின்றுகொண்டிருந்தான். போன கோடை வறட்சியில் பசுக்கள் செத்ததிலிருந்து அவனுக்கு மாடு என்றாலே வெறுப்பு. குத்தகைப் பணத்தில் நகரத்தில் வீடு, வீட்டுக்குள் ஏசி, ஏசிக்குக் கீழே எபெர். அவன் கனவு அவ்வளவுதான்.

சுல்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மரம் வரட்டும். ஆனா மாடு போகக்கூடாது. அதுக்குக் கீழயே மாடு மேஞ்சு சதை பிடிக்கும்னு என் கண்ணுல காட்டட்டும். கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா நீ வேற பொண்டாட்டி பாத்துக்க, வேற நிலம் பாத்துக்க."

ஆகவே இன்று காட்டுகிறார்கள். பார்த்தவுடனே கையெழுத்து. பத்திரத்தோடு நோட்டரி பெர்லா அம்மாவும் வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

இந்த ஜில்லாவில் சுல்மா ஒரு காரியம் செய்தால் அக்கம்பக்கத்துப் பத்துப் பண்ணைக்காரர்களும் செய்வார்கள். இன்ஜினியர் ஓடியதற்கு அதுதான் காரணம்.

---

வண்டிகளைத் தோட்டத்தின் மேற்கு மூலையிலேயே நிறுத்தச் சொல்லி ஒரு பலகை. 'காடு அமைதியை விரும்புகிறது. தயவுசெய்து நடந்து வாருங்கள்.' இன்ஜினியரின் நீல நிற பிக்கப் வண்டிகூட அங்கேதான் நின்றது. விடியற்காலையில், மாடுகளைச் சந்துக்குள் விடுவதற்கு முன்பே, ஓசைப்படாமல் கொண்டுவந்து விட்டிருந்தார்.

"அமைதியாம்ல!" பக்கத்துப் பண்ணைக்காரர் எலாதியோ தன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவை. "மெஷின் ரம்பத்தோட வந்து வெட்டுறப்ப காதைப் பொத்திக்குமோ இந்தக் காடு? ஆட்டுக்கறி எங்க எபெர்? வாசனை வருது, ஆளைக் காணோம்."

"இங்கயே, வண்டிங்களுக்குப் பின்னாடிதான் சுடுறாங்க எலாதியோண்ணே. எல்லாம் பாத்து முடிச்சிட்டுத்தான் சாப்பாடு."

"அப்ப சீக்கிரம் பாருங்கப்பா. புல்லைப் பாக்கவா நான் வந்தேன்? எங்க வீட்லயே இருக்கு புல்லு."

தீத்தடுப்புக்காக மரமில்லாமல் விட்டிருந்த அகலமான பாதை வழியாக எல்லோரும் நடந்தார்கள். எதிரே இன்ஜினியர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். ஓடிய வியர்வையைத் துடைத்து, தலையைச் சீவி, கம்பெனித் தொப்பி போட்டிருந்தார். தொப்பியில் ஒரு மரமும் ஒரு மாடும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன.

"வாங்க சுல்மா மேடம்! உருகுவேயிலயே இப்படி ஒண்ணு கிடையாது. மேல மரம், கீழ மாடு, நடுவுல புல்லு. ஒரே நிலத்துல ரெண்டு விளைச்சல். மாட்டுக்கு நிழல், மரத்துக்கு உரம், உங்களுக்கு வாடகை. இதுல யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?"

"புல்லுக்கு" என்றாள் சுல்மா.

எலாதியோ சத்தமாகச் சிரித்தார். எபெர் அவளை முறைத்தான்.

"நகைச்சுவை உணர்வு!" என்றார் இன்ஜினியர். "எனக்குப் பிடிச்சது. இப்படி வாங்க. இந்தப் பக்கமா. எல்லாரும் இந்தப் பக்கமா."

நடக்கும்போது எலாதியோவின் வாய் சும்மா இருக்கவில்லை. "மரம்னதும் ஞாபகம் வருது. மிராதோர் பண்ணையை வாங்கினானே, அவன் யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக அது எங்கள் ஊரின் பெரிய மர்மம். மிராதோர் என்றால் குன்றுச் சரிவு முழுக்க முழங்கால் உயரப் புல். இந்த வட்டாரத்திலேயே நல்ல மேய்ச்சல். தலைநகர் மாண்டிவீடியோவில் ஏதோ ஓர் ஆபீஸ் பேரில் வாங்கியிருக்கிறார்கள். காவலுக்கு இருக்கிறவன் பிரேசில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், வாயைத் திறக்கமாட்டான். முதலாளி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவானாம். நாங்கள் எல்லாரும் கால்பந்து பார்க்கிற நேரமாகப் பார்த்து.

"வாங்கின கையோட என்ன செஞ்சான் தெரியுமா?" என்றார் எலாதியோ. "வீட்டுக்கு மேல இருந்துதே, பழைய தைலமரத் தோப்பு? அம்புட்டையும் மொட்டையா வெட்டித் தள்ளிட்டான். வேரைக்கூட விடல. எங்கப்பா காலத்து மரம்! மாடு வெயிலுக்கு ஒதுங்கிட்டு இருந்துச்சு."

"ச்சே!" இன்ஜினியர் நின்றேவிட்டார். முகத்தில் நிஜமான வேதனை. "அறிவுகெட்ட ஆளு. மரத்தோட அருமை தெரியாதவன். இந்த மாதிரி ஆளுங்களாலதான் சார் நாடு உருப்படல."

சந்தின் கிழக்கு முனையில் குதிரை மேல் இருந்த நார்தோவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்னடா தம்பி, சளியா?" என்றான் அண்ணன் எபெர்.

"ஆமாண்ணே. மரத்துக் காத்து ஒத்துக்கல."

---

முதலில் புல்.

முதல் வரிசை மரங்களுக்குக் கீழே பச்சைப் பசேல் என்று இருந்தது. பண்ணைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். எபெர், தானே வளர்த்ததுபோல மனைவியைப் பார்த்தான்.

சுல்மா குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கினாள். முகர்ந்தாள். பிறகு தரையோடு கன்னம் வைத்துக் கோலிக்குண்டு குறி பார்க்கிறவளைப்போல நீளவாக்கில் பார்த்தாள்.

"இன்ஜினியர், இந்தப் புல்லு வரிசையா முளைச்சிருக்கு."

"அப்படியா?"

"ஸ்கேல் வெச்ச மாதிரி. கடவுள் எப்பலேர்ந்து விதை மெஷின் ஓட்டுறாரு?"

"விதைச்சோம் மேடம், மறைக்கலையே! இதுதான் தொழில்நுட்பம். உங்களுக்கும் விதை கம்பெனி குடுக்கும்."

"எங்க அப்பா நிலத்துல யாரும் விதைச்சதே இல்லை. அது பாட்டுக்கு வருது."

"அது பழைய காலம்" என்றார் இன்ஜினியர், அப்பா நிலத்துப் புல்லுக்கு ஓய்வூதியம் கொடுத்து அனுப்புகிற குரலில்.

அவர் திரும்பி, கம்பெனி கூட்டிவந்த போட்டோக்காரனுக்கு இடம் காட்டுவதற்குள் சுல்மா, மாட்டுச் சந்து தொடங்குவதற்கு முன்னாலேயே, அந்தப் பச்சையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நாலாவது வரிசை. ஐந்தாவது. மேலே கிளைகள் ஒன்றோடொன்று பின்னி வானத்தை மூடியிருந்தன. காலடியில் பட்டை, சருகு, காய்ந்த குச்சி. அதை விலக்கினால் இன்னும் கொஞ்சம் சருகு. அதையும் விலக்கினால் வெளுத்த மண். ஒரே ஒரு புல் இழை தலையை நீட்டியிருந்தது, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் மாதிரி. அதுவும் மஞ்சள்.

"இங்க ஒண்ணுமே இல்லையே!" அவள் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"அது உள்பகுதி மேடம். இலை மெத்தை. மாடு படுக்கிற இடம்."

"திங்கிற இடம் எது?"

"மாடு எப்பப் பார்த்தாலும் தின்னுட்டே இருக்கணுமா?"

"ஆமா" என்றார்கள் நாலைந்து பண்ணைக்காரர்கள் ஒரே நேரத்தில். அவர்களுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

இன்ஜினியர் அசரவில்லை. அவர் நல்ல படிப்பு படித்தவர். "சரி. நான் சொல்றதை நம்ப வேணாம். மண்ணை நம்ப வேணாம். புல்லுகூடப் பொய் சொல்லலாம். மாடு சொல்லுமா? இதோ நிக்குது. இங்கயே பொறந்து, மூணு வருஷமா இந்த மரத்துக்குக் கீழயே மேஞ்ச மாடு. வேற புல்லை வாயில வெச்சதில்லை. பாருங்க உடம்பை!"

பார்த்தார்கள்.

முப்பது வலது பக்கங்கள். வெயிலில் செவலைத் தோல் மின்னியது. விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. வாலடியில் இரண்டு பக்கமும் கொழுப்பு மேடு கட்டியிருந்தது. வறட்சி கழிந்து வந்த இந்த வசந்தத்தில் அப்படி மாடு யாரிடமும் இல்லை.

சுல்மா கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பசுவின் பின்பக்கத்தை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. அவள் முகம் மாறியது.

"எப்படி?" என்றான் எபெர் மெதுவாக.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். தோற்றவள் குரல்.

ஆனால் பழக்கம் விடுமா? கால் தானாக நகர்ந்தது. மாட்டின் முன்னால் சுற்றி மறுபக்கம் போவதற்காக.

"மேடம்! கரண்ட்!"

"பொறந்ததுலேர்ந்து இந்தக் கம்பியத் தாண்டிட்டு இருக்கேன். மறுபக்கம் பாக்கணும்."

"வேணாம் மேடம். வெளிச்சம் இந்தப் பக்கம்தான் விழுது. போட்டோவுக்கு..."

"நான் போட்டோக்காரி இல்ல. முத்திரையைப் பாக்கணும்."

"கம்பெனி முத்திரைதான். புதுசா போட்டது, புண்ணு ஆறல. ஈ மொய்க்குது. சாப்பிடுறதுக்கு முன்னாடி அதைப் பாக்கணுமா?"

"இங்கயே பொறந்து மூணு வருஷம் வளர்ந்த மாட்டுக்கு ஏன் இப்பப் புதுசா முத்திரை?"

நல்ல கேள்வி. சந்தின் முனையில் நார்தோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கம்பெனி பேரை மாத்திட்டோம்ல!" என்றார் இன்ஜினியர்.

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. அந்தக் கம்பெனி வருஷத்துக்கு ஒரு பேர் வைத்துக்கொள்கிற கம்பெனி. போன தடவை வரி கேட்டு வந்தவன் வாசலில் நின்று பழைய பேரைச் சொல்லி, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தான்.

சுல்மா கொழுந்தனைப் பார்த்தாள். "நார்தோ. நீ சொல்லு. இதுங்க இங்கதான் வளர்ந்துச்சா?"

இன்ஜினியர் நார்தோவைப் பார்த்தார். எபெரும் பார்த்தான். குதிரைகூடக் காதைத் திருப்பியது.

"வலது பக்கம் ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்றான் நார்தோ.

"நான் அதைக் கேக்கல."

"எனக்கு அதுக்குத்தான் அண்ணி சம்பளம்."

"விடு சுல்மா!" எபெருக்குப் பொறுமை போய்விட்டது. "குதிரைச் சந்தையா இது, பல்லைப் புடிச்சு வாலைப் புடிச்சுப் பாக்க? மாட்டைக் காட்டுன்ன, காட்டிட்டாங்க. கொழுத்திருக்கான்னு கேட்ட, கையை வெச்சே பாத்துட்ட. ஊரே நிக்குது. சொன்ன சொல்லு சொல்லுதானே?"

அது அவளைத் தைத்தது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்காரன் வாய்ச்சொல் கொடுத்துவிட்டால் பத்திரமே தேவையில்லை. அவள் அப்பா அப்படித்தான் வாழ்ந்தார், அப்படித்தான் இரண்டு தடவை நஷ்டப்பட்டார். அவளும் அவர் மகள்தான்.

"சரி" என்றாள்.

---

பாதையின் நடுவிலேயே மடக்கு மேஜை விரித்தார்கள். மாடுகள் பின்னணியில் இருக்கிற மாதிரி. பெர்லா அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்திரத்தைப் பரப்பினார். இன்ஜினியர் தானே மாத்தேயில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழாயைத் திருப்பி, சுல்மாவிடம் நீட்டினார். நாங்களும் உங்களில் ஒருவர் என்று காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

அவள் உறிஞ்சினாள். திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாத்தேயைத் திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' என்றால், 'போதும், இனி ஊற்றாதே' என்று அர்த்தம். அவர் மறுபடி ஊற்றிக் கொடுத்தார். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு" என்றார் பெர்லா அம்மா.

ஒரு கையில் மாத்தே, மறு கையில் பேனா. சுல்மா நிமிர்ந்து கடைசியாக ஒரு தடவை மாடுகளைப் பார்த்தாள். கொழுத்த முப்பது வலது பக்கங்கள். தன் ஓடைக்கரையில் இந்த வரிசைகள் நிற்பதை நினைத்துப் பார்க்க முயன்றாள். மரம் வந்தது. நிழல் வந்தது. மாடுகூட வந்து நின்றது. அது குனிந்து தின்பதை மட்டும் மனசு காட்டவே மாட்டேன் என்றது.

"ஆட்டுக்கறி தீயப்போகுது!" எலாதியோவின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

அவரை யாருமே கவனித்திருக்கவில்லை. மாட்டின் உடம்பைப் பார்த்து முடித்ததுமே அவர் வாசனை வந்த திசையில் நழுவிவிட்டார். மேற்கு மூலையில் கறி சுடுகிறவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் வராமல் ஒரு துண்டுகூட வெட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

எங்கள் பக்கத்தில் வயலில் இருக்கிறவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஒரே வழிதான். எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறதோ, அதன் ஜன்னலில் கையை விட்டு ஹாரனை அழுத்த வேண்டியது. யார் வண்டி என்று பார்க்கிற வழக்கமில்லை.

பக்கத்தில் நின்றது நீல நிற பிக்கப்.

"எலாதியோ சார், வேணாம்...!" இன்ஜினியர் அலறியபோது பேனா முனை காகிதத்தைத் தொட்டுவிட்டிருந்தது.

பாம்... பபாம்... பாஆஆம்!

மூன்று சுரம் வைத்த ஹாரன். ஜில்லாவிலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது.

முப்பது தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

அப்புறம் நடந்ததை நார்தோவின் குதிரையாலும் தடுத்திருக்க முடியாது, ராணுவத்தாலும் தடுத்திருக்க முடியாது. ஒரு மாடு கத்தியது. பிறகு எல்லாம் கத்தின. சுலபமாகத் திரும்ப முடியாத சந்துக்குள் கடைசி மாட்டிலிருந்து முதல் மாடு வரைக்கும் கம்பியை வயிற்றால் நெம்பிக்கொண்டு திரும்பின. நட்டுவைத்த குச்சிகள் படபடவென்று சாய்ந்தன. தலை மேற்கே, வால் கிழக்கே. விதைத்த புல்லை மிதித்துத் துவைத்துக்கொண்டு, சாப்பாட்டு மணி கேட்ட விடுதிப் பிள்ளைகள் மாதிரி, அந்த நீல வண்டியைப் பார்த்து ஓட ஆரம்பித்தன.

மேஜைக்கு முன்னாலேயே ஓடின. ஒன்றன்பின் ஒன்றாக. ராணுவ அணிவகுப்பில்கூட அவ்வளவு ஒழுங்காகக் காட்டமாட்டார்கள்.

முப்பது இடது பக்கங்கள்.

புண் இல்லை. ஈ இல்லை. பழைய சூடு, முடி முளைத்து ஆறிப்போன சூடு. ஒவ்வொரு தொடையிலும் ஒரே படம். தலைகீழாக ஒரு நங்கூரம்.

யாரும் வாய்விட்டுப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முத்திரை அது.

"மிராதோர்" என்றாள் சுல்மா.

"வாடகைக்கு!" இன்ஜினியருக்கு மூச்சு திரும்பியது. "மிராதோர்காரர்கிட்ட வாடகைக்கு எடுத்தது. நம்ம மாடுதான், இங்கதான் மேஞ்சுது, மூணு வருஷமா... முத்திரை மட்டும் அவங்களோடது. பொதுவா நடக்கிறதுதான், பெர்லா அம்மாவைக் கேளுங்க."

பெர்லா அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப மிராதோர்காரர உங்களுக்குத் தெரியும்" என்றாள் சுல்மா.

"ம்... பழக்கம் உண்டு."

"சித்த முன்னாடி அறிவுகெட்ட ஆளுன்னீங்க."

"அது... பொதுவா சொன்னது."

மேற்கே எலாதியோ பிக்கப்பின் மேல் ஏறி நின்று அலறிக்கொண்டிருந்தார். முப்பது மாடும் வண்டியைச் சுற்றி நெருக்கி, பின்தட்டில் மூக்கை நுழைத்து, கதவை நக்கிக்கொண்டிருந்தன. வண்டியில் தீனி இல்லை என்று தெரிந்ததும் குட்டைக் கொம்புப் பசு தலையைத் திருப்பியது. கூட்டத்தைப் பார்த்தது. யாரையோ தேடியது. பிறகு அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. எபெரைத் தாண்டி, போட்டோக்காரனைத் தாண்டி, மேஜையைச் சுற்றிக்கொண்டு, இன்ஜினியர் ஒலாசோவின் சட்டைப் பையில் மூக்கை வைத்து முட்டியது. நாக்கை நீட்டி அவர் உள்ளங்கையை நக்கியது.

"போ... ச்சூ... போ" என்றார் அவர். குரலில் அதட்டல் இருந்தது. கை மட்டும், பழக்க தோஷத்தில், அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தது.

எபெர் மாட்டைப் பார்த்தான், இன்ஜினியரைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான். அவன் ஏசி எங்கேயோ காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

சுல்மா பேனாவை மூடி பெர்லா அம்மாவிடம் கொடுத்தாள். காகிதத்தில் ஒரு மைப்புள்ளி மட்டும் இருந்தது. மாத்தேயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினாள். குழாய் கரகரவென்று சத்தம் போட்டது. குடுவையை இன்ஜினியர் கையில் வைத்தாள்.

"நன்றி" என்றாள்.

நார்தோ குதிரையிலிருந்து இறங்கினான். தன் கம்பெனித் தொப்பியைக் கழற்றி, மரமும் மாடும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பக்கம் மேலே இருக்கும்படி, பத்திரத்தின் மேல் வைத்தான்.

"நார்தோ!" என்றார் இன்ஜினியர். "யோசிச்சுப் பேசு."

"யோசிச்சாச்சு சார். அண்ணி, மிராதோர்ல அந்தப் பழைய தோப்பை வெட்டினது நான்தான். ஒரு மாசம் ரம்பம் புடிச்சேன். கையில காப்புக் காச்சிடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சார் தனியா காசு குடுத்தாரு."

"ஏன்டா வெட்டச் சொன்னாரு?" என்றான் எபெர்.

"நானும் அதைத்தாண்ணே கேட்டேன். நல்ல மரம் சார், மாட்டுக்கு நிழலாச்சேன்னேன். இந்தா, இதே தொப்பியைப் போட்டுட்டுத்தான் நின்னாரு. 'மடையா, மரத்துக்குக் கீழ எங்கயாவது புல்லு வளருமாடா?'ன்னாரு."